புள்ளியில்லாத குஞ்சுகள்

காலை 10.10

முட்டைத் தட்டுகளை எடுக்க வந்த மருமகள் புகையறையின் கதவைத் திறந்தாள். தட்டுகளை எடுக்கவில்லை. முட்டை வண்டிக்கும் கதவுக்கும் நடுவே, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி, அவளுடைய மாமியார் குப்புறக் கிடந்தார்.

அவள் கத்தவில்லை. கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, பின்னாலேயே நடந்து சுவரில் முதுகு இடித்ததும் நின்றாள். பக்கத்து அறையில் ஆயிரக்கணக்கான குஞ்சுகள் ஒரே குரலில் கீச்சிட்டுக்கொண்டிருந்தன.

காலை 10.50

இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு நாற்பத்தாறு வயது. வீட்டில் ஒரு கிளிகூட வளர்த்தவர் இல்லை. கோழிக்குஞ்சுப் பொரிப்பகத்தின் வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். தலைக்கு ஒரு துணித் தொப்பி, காலுக்கு ரப்பர் ஷூ, உடம்புக்கு வெள்ளைக் கோட்டு. அவருக்குப் பின்னால் வந்த ஏட்டால் கோட்டின் பொத்தானைப் போட முடியவில்லை, வயிறு விடவில்லை.

"கல்யாண வீட்டுச் சமையல்காரர் மாதிரி இருக்கேம்மா" என்றார் ஏட்டு.

உடலைப் பார்த்ததும் அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

இறந்தவரை ஊரே டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டது. வைத்தியம் பார்த்தவர் இல்லை. கோழி இனங்களைப் பற்றி முப்பது வருடம் கல்லூரியில் பாடம் எடுத்து, டாக்டர் பட்டம் வாங்கி, ஓய்வுபெற்றதும் கணவர் விட்டுப்போன இந்தப் பொரிப்பகத்தைக் கையில் எடுத்துக்கொண்டவர். வயது அறுபத்திரண்டு. வீசிங் தொந்தரவு உண்டு.

புகையறை ஆறடிக்கு எட்டடி. சன்னல் கிடையாது. கொட்டகையிலிருந்து வரும் முட்டைகளில் ஒட்டியிருக்கும் கிருமி சாக, அவற்றை இங்கே அடுக்கி மருந்துப் புகை போட்டு மூடுவார்கள். புகை வெளியே கசியாமல் இருக்கக் கதவைச் சுற்றிக் கறுப்பு ரப்பர் பட்டை. கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். தாழ்ப்பாளும் வெளியேதான். ஒரு மணி நேரம் கழித்துக் காற்றாடி தானாகச் சுழன்று புகையை வெளியேற்றிவிடும். இத்தனை நேரம் கழித்தும் அறையில் ஒரு நெடி மிச்சமிருந்தது. இன்ஸ்பெக்டரின் கண்ணில் நீர் கோத்தது.

"புகை போயிடுச்சுன்னு நினைச்சு உள்ளே போயிருப்பாங்க. மூச்சு முட்டி விழுந்திருப்பாங்க" என்றார் ஏட்டு, தாழ்ந்த குரலில். "விபத்துதான்மா."

இன்ஸ்பெக்டர் குனிந்து டாக்டரம்மாவின் விரல்களைப் பார்த்தார். எட்டு நகங்களுக்குள் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. எழுந்து கதவின் உட்புறத்தைப் பார்த்தார். தாழ்ப்பாள் பக்கத்து ரப்பர் பட்டை, இடுப்பு உயரத்திலிருந்து முழங்கால் உயரம்வரை, துருவித் துருவிப் பிய்க்கப்பட்டிருந்தது.

"தள்ளினா திறக்கிற கதவு, ஏட்டையா. எதுக்கு நகத்தால பிராண்டணும்?"

ஏட்டு கதவைப் பார்த்தார். பிறகு வெளியே இருந்த தாழ்ப்பாளைப் பார்த்தார்.

"உயிர் போற வரைக்கும் யாரோ தாழ்ப்பாள் போட்டு வச்சிருக்காங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "போனதும் திறந்து விட்டிருக்காங்க."

காலை 11.05

அலுவலக அறையில் மருமகள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மாவின் ஒரே மகன் கப்பலில் வேலை செய்கிறான். வருடத்தில் எட்டு மாதம் கடலில். பொரிப்பகத்தின் கடிதப் போக்குவரத்தும் புகையறையும் இவள் பொறுப்பு.

"இன்னிக்குப் புகை போட்டது யாரு?"

"நான்தான், மேடம். எட்டு மணிக்கு."

"உள்ளே யாரும் இல்லைன்னு பார்த்தீங்களா?"

"தட்டு வண்டியைத் தள்ளிவிட்டதே நான்தான். அத்தை அந்தப் பக்கமே வர மாட்டாங்க. வீசிங். புகையறையைத் தாண்டிப் போகணும்னாக்கூட சுத்திக்கிட்டுப் பின்வாசல் வழியா போவாங்க."

"தாழ்ப்பாள்?"

"போட்டேன். வந்து பார்க்கிறப்ப விலகியிருந்துச்சு. கதவு சும்மாதான் சாத்தியிருந்துச்சு."

"எங்கே போயிட்டு வந்தீங்க?"

"பொண்ணை ஸ்கூல்ல விட. எட்டு அஞ்சுக்குக் கிளம்பினேன். இன்னிக்குப் பெற்றோர் கூட்டம். முடிஞ்சு பத்து மணிக்குத்தான் வந்தேன்."

பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டார் ஏட்டு. எட்டு இருபதுக்கு வாசல் நோட்டில் கையெழுத்து. ஒன்பது ஐம்பதுவரை வகுப்பு டீச்சருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"எட்டு மணிக்கே மாமியாரை உள்ளே தள்ளிட்டு, அப்புறம் கிளம்பியிருக்கலாம்" என்று ஏட்டு காதோரம் சொன்னார். "புகை போட்டதும் அவங்க. பிணத்தைப் பார்த்ததும் அவங்க. இனி இடமும் அவங்களுக்குத்தான்."

இன்ஸ்பெக்டர் அறையைச் சுற்றிப் பார்த்தார். அறை மூலையில் ஒரு பெரிய மூங்கில் கூடை கவிழ்த்திருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு சேவல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் கறுப்பும் சாம்பல் வெள்ளையுமாகக் குறுக்குக் கோடுகள், ஒவ்வொரு இறகிலும் அளவெடுத்துப் போட்ட மாதிரி.

"இது?"

"நேத்து மத்தியானம் ஒரு அம்மா கொண்டுவந்து வச்சாங்க. அவங்க ஊர்ப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து முட்டைக்கு வளர்க்கிறாங்க. ஆறு மாசம் முன்னால எங்ககிட்ட இருநூறு பெட்டைக் குஞ்சு வாங்கினாங்க. பாதிக்கு மேல சேவலாகிக் கூவுதாம்." மருமகள் கண்ணைத் துடைத்தாள். "மூணாவது புகார். ரெண்டு மாசமா வந்திட்டே இருக்கு. அத்தை கோபப்படலை. 'ரெண்டு நாள் பொறுத்துக்கோங்க, யார் தப்புன்னு நானே சொல்றேன்'னு சொல்லி அனுப்பிட்டாங்க."

"அப்ப பக்கத்துல யார் இருந்தா?"

"நான். அப்புறம் சின்ன மாமா."

காலை 11.30

சின்ன மாமா என்பவர் டாக்டரம்மாவின் கணவருக்குத் தம்பி. ஊழியர்களுக்கு அவர் சின்னவர். இருபத்திரண்டு வருடமாகப் பிரிக்கும் அறை அவருடைய ராஜ்ஜியம். பொரித்த குஞ்சுகளில் பெட்டை எது, சேவல் எது என்று பிரித்துப் பெட்டியில் போடுவது அவர் வேலை. பஞ்சு மாதிரி வெளுத்த தலை, புருவம்கூட வெள்ளை. கைகூப்பியபோது விரல்நுனிகள் மட்டும் கறுத்திருந்தன. வேலை செய்கிற கை என்று இன்ஸ்பெக்டர் நினைத்துக்கொண்டார்.

அறை வெந்நீரில் நனைத்த துணி மாதிரி இருந்தது. சுவரோரம் காலிப் பிளாஸ்டிக் தட்டுகள். அவற்றில் முட்டையோடுகளும் ஈரப் பிசுக்கும்.

"எட்டு மணியிலேருந்து எங்கே இருந்தீங்க?"

"இதே இடத்துல. நாலாம் கொட்டகைக் குஞ்சு இன்னிக்குப் பொரிச்சுது. பிரிச்சிட்டிருந்தேன்."

"யாராவது பார்த்தாங்களா?"

"ஐந்நூத்தி இருபது குஞ்சு பார்த்துச்சு, மேடம்."

சிரிக்காமல் சொன்னார். ஏட்டுக்குத்தான் சிரிப்பு வந்து, இடம் பார்த்து அடங்கியது.

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஒண்ணரை மணி நேரம். ஒவ்வொண்ணா கையில எடுத்து, தலையைப் பார்த்து, எண்ணி, பெட்டியில போட்டு, சீட்டு எழுதி ஒட்டணும். ஒன்பதே முக்காலுக்கு வேன்காரர் வந்தப்ப பத்துப் பெட்டியும் தயாரா இருந்துச்சு. அவரையே கேளுங்க."

"எத்தனை பெட்டை, எத்தனை சேவல்?"

"புள்ளி இல்லாதது இருநூத்தி அறுபத்தெட்டு, அது பெட்டை. புள்ளி உள்ளது இருநூத்தி அம்பத்திரண்டு, அது சேவல்."

"புள்ளின்னா?"

சின்னவர் முதன்முறையாக நிமிர்ந்தார். சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். இரண்டு குஞ்சுகள், இரண்டும் கரிக்கட்டை நிறம். ஒன்றின் பின்னந்தலையில் மட்டும், யாரோ சுண்ணாம்புக் குச்சியால் தொட்டு வைத்த மாதிரி வெள்ளையாக ஒரு புள்ளி.

"நாலாம் கொட்டகையில அம்மா எல்லாம் வரிக்கோழி. அப்பன் எல்லாம் முழுக் கறுப்பு. பெட்டைக்கோழி தன் உடம்புல இருக்கிற வரியை மகனுக்கு மட்டும்தான் குடுக்கும், மகளுக்குக் குடுக்காது. மகளுக்கு அந்த விஷயத்துல அப்பன் குடுக்கிறதுதான். அப்பன்கிட்ட வரி இல்லையா, மகளுக்கும் இல்லை. இறகு வளர்ந்தாதான் வரி தெரியும். ஆனா வரி வரப்போற குஞ்சுக்குப் பொரிக்கிற அன்னிக்கே தலையில இந்தப் புள்ளி இருக்கும். புள்ளி இருந்தா சேவல். இல்லாட்டி பெட்டை. கண்ணு இருக்கிற எவனும் பிரிச்சிடலாம்."

"என் வீட்லயும் அதே கதைதான்" என்றார் ஏட்டு. "பொண்ணு அப்படியே என்னை உரிச்சு வச்சிருக்கா."

"கண்ணு இருந்தாப் பிரிச்சிடலாம்னா, பெட்டைன்னு வித்த குஞ்சு எப்படிக் கூவுது?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

சின்னவர் தோளைக் குலுக்கினார். "வாங்கிட்டுப் போனவங்க வேற எங்கேயாவது வாங்கின சேவலையும் சேர்த்து வளர்த்திருப்பாங்க. எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்."

"அண்ணியை எப்பக் கடைசியாப் பார்த்தீங்க?"

"காலையில ஏழரைக்கு. நாலாம் கொட்டகைக் குஞ்சைப் பிரிச்சு முடிச்சதும் வந்து பாருன்னாங்க. வேன் போனதும் போகலாம்னு இருந்தேன்." விரல்களைக் கோட்டில் துடைத்தார். "அதுக்குள்ள இப்படி."

வெளியே வந்ததும் ஏட்டு பெருமூச்சு விட்டார். "ஐந்நூறு குஞ்சைப் பிரிச்சவனுக்கு ஆளைக் கொல்ல நேரம் ஏதும்மா? வேன்காரர் கண்ணால பார்த்திருக்கார். நான் சொன்னபடி மருமகள்தான்."

மதியம் 12.00

கொட்டகைகள் பொரிப்பகத்திலிருந்து இருநூறு அடி தள்ளி, உயரமான மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தன. நடுவே இரும்புக் கதவு. அதில் முட்டைக்கூடை போகும் அளவுக்கு ஒரு ஜன்னல்.

"இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கம் போகக்கூடாது, அந்தப் பக்கத்து ஆள் இங்கே வரக்கூடாது" என்று மருமகள் சொன்னாள். "நோய் பரவும்னு அத்தை போட்ட சட்டம். கோழிகளைப் பார்த்துக்கிற கொட்டகை அக்கா இங்கே வரணும்னா குளிச்சு, துணி மாத்திட்டுத்தான் வரணும். சின்ன மாமாகூட அந்தக் கதவைத் தாண்டினது கிடையாது. ரெண்டு பக்கமும் போய் வந்தது அத்தை ஒருத்தர்தான்."

நடைவழியிலிருந்த குளியலறையை இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார். தரை வறண்டு காய்ந்து கிடந்தது. குழாயடியில் ஒரு சிலந்தி வலை. அந்தப் பக்கத்திலிருந்து இன்று யாரும் வரவில்லை.

கொட்டகை அக்கா ஐம்பது வயது, ஒல்லி, வெற்றுக் கால். அழுது முடித்திருந்தாள்.

"அம்மாவைக் கடைசியா எப்பப் பார்த்தே?"

"எட்டு பத்துக்கு. இந்த ஜன்னல்லதான் முட்டைக்கூடையைக் குடுத்தேன். வாங்கி வச்சாங்க. அந்தப் பக்கத்துலேருந்து யாரோ 'அண்ணி'ன்னு கூப்பிட்டாங்க. திரும்பிப் போனாங்க."

ஏட்டு நோட்டுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

"நல்லாக் கேட்டியா?"

"கோழிச் சத்தத்துல கேட்டதுதான். சத்தியம் பண்ணச் சொன்னா பண்ண மாட்டேன். ஆனா மணி எட்டு பத்து. அது நிச்சயம். தண்ணி மோட்டார் போடற நேரம்."

எட்டு பத்துக்கு மருமகள் பள்ளிக்கூடத்துக்குப் பாதி வழி போயிருப்பாள். ஏட்டு தன் நோட்டில் எதையோ அடித்தார்.

"நாலாம் கொட்டகையைக் காட்டு" என்றார் இன்ஸ்பெக்டர்.

கம்பி வலைக்கு உள்ளே நூற்றுச் சொச்சம் கோழிகள். அவர்கள் நிழல் விழுந்ததும் அத்தனையும் ஒரே நேரத்தில் கொத்துவதை நிறுத்தின. அத்தனை கழுத்தும் ஒரு பக்கம் திரும்பியது. கொட்டகைக்குள் ஒரு சத்தமும் இல்லை. மதிலுக்கு அப்பாலிருந்து குஞ்சுகளின் கீச்சு மட்டும் மெலிதாக வந்துகொண்டிருந்தது. 

கறுப்பும் சாம்பல் வெள்ளையுமாக வரிகள். எங்கே பார்த்தாலும் வரிகள். பெட்டைகளுக்கு நடுவே, கொண்டை சிவந்த பத்துப் பன்னிரண்டு சேவல்கள் நடந்தன. அவற்றின் மேலும் வரிகள்.

"கறுப்புச் சேவல் எங்கே?"

கொட்டகை அக்கா தயங்கினாள். மருமகளைப் பார்த்தாள்.

"அம்மா யார்கிட்டயும் சொல்லாதேன்னாங்க."

"அம்மாவே போயிட்டாங்க" என்றார் இன்ஸ்பெக்டர், மெதுவாக.

"ஏழு வாரத்துக்கு முன்னால அம்மாவே வந்து கறுப்பையெல்லாம் பிடிச்சு ஒன்பதாம் கொட்டகைக்கு மாத்திட்டாங்க. பதிலுக்குக் கலப்பில்லாத இந்த வரிச்சேவலை விட்டாங்க. முதல் மூணு வாரம் இந்தக் கொட்டகை முட்டையைப் பொரிக்க அனுப்பலை. சேவலை எடுத்தாலும் அதோட விதை பெட்டை வயித்துல மூணு வாரம்கூட நிக்குமாம். அது முழுக்கப் போகட்டும்னாங்க. நாலாவது வார முட்டையைத்தான் மெஷினுக்கு அனுப்பினோம். அதுதான் இன்னிக்குப் பொரிச்சுது."

"எனக்கே தெரியாது" என்றாள் மருமகள். "கோழி இறகு உதிர்க்குது, அதான் முட்டை வரலைன்னு அத்தை சொன்னாங்க. எங்க எல்லார்கிட்டயும்."

இன்ஸ்பெக்டர் வலையைப் பிடித்தபடி நின்றார். பெட்டை தன் வரியை மகனுக்கு மட்டும் கொடுக்கும். மகளுக்கு அப்பன் கொடுப்பதுதான். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் கேட்ட பாடம். அதை ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு சேவல்களைப் பார்த்தபடி இன்னொரு முறை.

"ஏட்டையா, வேன்காரர் நம்பர் இருக்கா?"

மதியம் 12.25

போன் வந்ததும் வேன்காரர் வண்டியை ஒரு மரத்தடியில் ஓரங்கட்டினார்.

"பெட்டைன்னு சீட்டு ஒட்டின பெட்டி ஒண்ணைத் திறங்க."

"திறந்தாச்சு மேடம்."

"தலையைப் பாருங்க."

"யார் தலையை?"

"குஞ்சோட தலையை. பின்னந்தலை."

"கறுப்பு. நடுவுல வெள்ளையா ஒரு பொட்டு."

"அடுத்தது."

"அதுக்கும் பொட்டு." கொஞ்ச நேரம் கீச்சுச் சத்தம் மட்டும். "அதுக்கும். இதுக்கும்."

"பொட்டு இல்லாதது ஒண்ணு இருக்கான்னு தேடுங்க. அவசரமில்லை. எல்லாப் பெட்டியையும் பாருங்க."

பதினைந்து நிமிடம் கழித்து அவரே கூப்பிட்டார். குரலில் இருந்த விளையாட்டு போய்விட்டிருந்தது.

"மேடம், பத்துப் பெட்டியும் கிளறிட்டேன். பெட்டைன்னு எழுதினதுலயும் பொட்டு, சேவல்னு எழுதினதுலயும் பொட்டு. பொட்டு இல்லாத தலை ஒண்ணுகூட இல்லை. என்ன மேடம் இது?"

"வண்டியைத் திருப்புங்க."

மதியம் 2.40

பிரிக்கும் அறையில் பத்துப் பெட்டிகளும் மேசைமேல் வரிசையாக இருந்தன. சின்னவர் ஒரு முனையில் நின்றார். மருமகள் கதவோரம். ஏட்டு கதவை அடைத்த மாதிரி நடுவில். ஏட்டின் கையில், சின்னவரின் அலமாரியிலிருந்து எடுத்த ஒரு பை.

"ஒரு சந்தேகம்" என்றார் இன்ஸ்பெக்டர். "இன்னிக்குப் புள்ளி இல்லாத குஞ்சு எத்தனைன்னு சொன்னீங்க?"

"இருநூத்தி அறுபத்தெட்டு."

"ஒவ்வொண்ணா கையில எடுத்துப் பார்த்தீங்க."

"ஆமா."

இன்ஸ்பெக்டர் முதல் பெட்டியின் மூடியை எடுத்தார். இரண்டாவதை எடுத்தார். பத்தையும் எடுத்தார். சூடான காற்றோடு கீச்சொலி அறையை நிறைத்தது. கரிக்கட்டை நிறத்தில் ஐந்நூற்றி இருபது தலைகள். ஒவ்வொன்றிலும் வெள்ளையாக ஒன்று.

சின்னவர் எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் முதலில் வந்தது பயம் இல்லை. கணக்குப் போடுகிறவன் விடை தப்பியதும் திரும்ப முதல் வரிக்குப் போவானே, அந்தப் பார்வை.

"இது நாலாம் கொட்டகைக் குஞ்சு இல்லை" என்றார்.

"அதுதான். அப்பன்தான் மாறிட்டான். ஏழு வாரமா அங்கே இருக்கிறது வரிச்சேவல். பெட்டை தன் வரியை மகனுக்கு மட்டும் குடுக்கும்னு நீங்கதான் சொன்னீங்க. சேவல் யாருக்குக் குடுக்கும்? மகனுக்கும் குடுக்கும், மகளுக்கும் குடுக்கும். அப்பன் கலப்பில்லாத வரின்னா பிள்ளைங்க அத்தனையும் வரி. அத்தனை தலையிலயும் புள்ளி. இன்னிக்குக் காலையில ஒரே ஒரு குஞ்சை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்திருந்தாக்கூட, ரெண்டாவதை எடுத்திருப்பீங்க. மூணாவதை எடுத்திருப்பீங்க. பத்தாவதுலே ஓடிப்போய் அண்ணியைக் கேட்டிருப்பீங்க. நீங்க கேட்கலை. ஏன்னா நீங்க பிரிக்கவே இல்லை. தட்டோட சாய்ச்சுப் பெட்டியில கொட்டினீங்க. வழக்கமா வர்ற மாதிரி பாதிக்குப் பாதி ஒரு எண்ணிக்கையை எழுதி ஒட்டினீங்க. அதுக்குக் கால் மணி நேரம் போதும். மிச்ச நேரம் உங்களுக்கு வேற வேலை இருந்துச்சு."

"நான் எதுக்கு மேடம் அண்ணியை..."

ஏட்டு பையைக் கவிழ்த்தார். கறுப்புத் தலைச்சாயப் பொட்டலங்கள், ஒரு சின்னத் தூரிகை.

"உங்க தலை பஞ்சா இருக்கு. விரல்நுனி மட்டும் கறுப்பா இருக்கு. காலையில நான் அதைப் பார்த்தேன், வேலை செய்யிற கைன்னு விட்டுட்டேன். அது என் தப்பு. கூடையில இருக்கிற சேவலைப் பாருங்க. உடம்பெல்லாம் வரி. அப்படின்னா பொரிச்ச அன்னிக்கு அது தலையில புள்ளி இருந்திருக்கும். இருபத்திரண்டு வருஷம் பிரிச்ச கை அதைப் பெட்டைப் பெட்டியில தவறிப் போடாது. புள்ளியைச் சாயம் பூசி மறைச்சீங்க. சேவலைப் பெட்டைன்னு அனுப்பிட்டு, நிஜப் பெட்டையைப் பின்வாசல் வழியா நீங்களே வித்தீங்க. ரெண்டு மாசம் முன்னால முதல் புகார் வந்தப்பவே டாக்டரம்மாவுக்குச் சந்தேகம். கத்தலை, கேட்கலை. சேவலை மாத்தினாங்க."

அவர் மருமகளைப் பார்த்துத் தலையசைத்தார். மருமகள் அலுவலக மேசையிலிருந்து எடுத்துவந்த டாக்டரம்மாவின் நோட்டைப் பிரித்து, ஏழு வாரத்துக்கு முந்தைய தேதியிட்ட பக்கத்தைப் படித்தாள்.

"'இந்த ஜோடியில் எல்லாக் குஞ்சுக்கும் புள்ளி வந்தே தீரும். புள்ளியில்லாத குஞ்சு ஒன்று பெட்டிக்குப் போனாலும் அது இயற்கை இல்லை, மை. அவர் எடுத்த உடனே என்னிடம் வந்து, எல்லாவற்றிலும் புள்ளி இருக்கிறதே அண்ணி என்று சொல்லிவிட்டால், நான் சந்தேகப்பட்டதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.'"

பெட்டிகளில் குஞ்சுகள் கீச்சிட்டுக்கொண்டே இருந்தன.

"நேத்து அந்த அம்மா சேவலைக் கொண்டுவந்து வச்சப்ப நீங்களும் இருந்தீங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "ரெண்டு நாள்ல யார் தப்புன்னு சொல்றேன்னு அவங்க சொன்னது உங்க காதுல விழுந்துச்சு. இன்னிக்குக் காலையில, முடிச்சதும் வந்து பாருன்னாங்க. வேலை போகும், இடம் போகும், ஊர்ல மானம் போகும். எட்டு மணிக்கு மருமகள் புகை போட்டுட்டுக் கிளம்பிட்டாங்க. எட்டு பத்துக்கு 'அண்ணி'ன்னு கூப்பிட்டீங்க. என்ன சொல்லிக் கூப்பிட்டீங்க?"

சின்னவர் மேசையைப் பார்த்துப் பேசினார்.

"புகையறைக் கதவு ரப்பர் விலகியிருக்கு, நெடி வெளியே வருது, குஞ்சு அறைக்குள்ள போகுதுன்னு சொன்னேன். குஞ்சுக்கு ஆபத்துன்னா வீசிங்கைப் பார்க்க மாட்டாங்க. முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடி வந்தாங்க. கதவைத் திறந்து உள்ளே தள்ளி, தாழ்ப்பாளைப் போட்டேன்."

மருமகள் நோட்டை மூடினாள்.

"தட்டினாங்களா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"முதல்ல என் பேரைச் சொன்னாங்க. அப்புறம் தட்டினாங்க. காற்றாடி சுத்த ஆரம்பிச்சப்ப சத்தம் இல்லை."

மாலை 4.15

ஜீப் பொரிப்பகத்தின் வாசலைத் தாண்டியது. முன்சீட்டில் இன்ஸ்பெக்டர். பின்னால் ஏட்டுக்கும் இன்னொரு காவலருக்கும் நடுவே சின்னவர். ஊர் எல்லையில் சின்னவர் முன்னால் சாய்ந்தார்.

"மேடம்."

"சொல்லுங்க."

"பத்துப் பெட்டியிலயும் இருந்துச்சா? ஒரு தலை பாக்கியில்லாம?"

"ஒரு தலை பாக்கியில்லாம."

சின்னவர் தன் கறுத்த விரல்நுனிகளைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு தட்டை நான் ஒழுங்காப் பிரிச்சிருந்தா, அண்ணிகிட்ட ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன். அவங்க என்னை நல்லவன்னு நம்பியிருப்பாங்க. இல்லையா மேடம்?"

இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்க்கவில்லை.

"நம்பியிருப்பாங்க. மன்னிப்பும் கேட்டிருப்பாங்க. ஆனா அந்த நேரத்துல நீங்க வேற ஒரு கதவுக்கு வெளியே நின்னுட்டிருந்தீங்க."